தைரியம் சொல்ல வருபவர்களுக்கு

எனக்குப் புரஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வருவது. கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் போயிருந்தது, முள்ளந்தண்டில் சில இடம், இடுப்பெலும்பில் சில இடம். நாலாம் கட்டம். வயது அறுபத்தேழு, வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஒரு சின்னப் பிரச்சினை" என்று தொடங்கி, சுற்றி வளைத்து, ஒவ்வொருவருக்கும் மெதுமெதுவாகச் சொல்லிச் சொல்லி நான் களைத்துவிட்டேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். தைரியமா இருங்கோ. ரொறன்ரோவிலிருந்து சம்பந்தி, லண்டனிலிருந்து மச்சான், கீழ் மாடி அக்கா, சந்தையில் எனக்கு இருபது வருசமாக முருங்கைக்காய் விற்பவர், எல்லோரும். அன்பில் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த முதல் மாதத்தில் எனக்கு இல்லாமல் இருந்தது விபரம். உடம்புக்குள் என்ன நடக்கிறது, அடுத்தது என்ன, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து தமிழில் சொல்லியிருந்தால் நான் எத்தனையோ இரவு நித்திரை கொண்டிருப்பேன். யாரும் சொல்லாததால் நானே தேடினேன், கேட்டேன், டொக்டரை அலுப்புக் கொடுத்தேன். அதில் பிடிபட்டதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, உங்கள் மருந்தை நான் சொல்லி மாற்றாதீர்கள்.

நாரி நோவில் தொடங்கியது. சலம் போவதில் பெரிய கரைச்சல் ஒன்றும் இருக்கவில்லை, இரவில் எழும்புவேன், ஆனால் என் வயதில் எழும்பாத ஆண் வெள்ளவத்தையில் இருக்கிறாரா தெரியாது. சித்தாலேப பூசினோம், எண்ணெய் பூசினோம். நோ குறையாததால் எக்ஸ்ரே எடுத்த குடும்ப டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார், பிஎஸ்ஏ, புரஸ்டேட் சுரப்பி விடும் ஒரு புரதத்தின் அளவு. பொதுவாக 4-க்குக் கீழே இருக்க வேண்டிய எண். எனக்கு 180 தாண்டியிருந்தது.

அதன்பின் பயொப்சி, சுரப்பியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. பிறகு எலும்பு ஸ்கேன்: கதிரியக்க மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றிவிட்டு, அது எலும்பில் போய்ச் சேரும்வரை சில மணித்தியாலம் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், பிறகு அசையாமல் படுக்க வேண்டும், நோகாது. பயொப்சி ரிப்போட்டில் கிளீசன் 9 என்று இருந்தது. டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க டொக்டர் 1960-களில் போட்டுத் தந்த கணக்கு அது. நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வளவு ஒழுங்கு கெட்டிருக்கின்றன என்று பார்த்து இரண்டு எண்ணைக் கூட்டுகிறார்கள், இப்போதைய வழக்கில் 6-இலிருந்து 10 வரை வரும். ஒன்பது என்றால் முரட்டு வகை. இதை ஒரு தனியார் வைத்தியசாலையில், எனக்கு முன்னும் பின்னும் நம்பர் துண்டோடு ஆட்கள் நிற்க, இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். கதவை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது என்னிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. கேள்விகள் எல்லாம் அன்றிரவு இரண்டு மணிக்கு வந்தன.

முதல் குழப்பம், இது எலும்புப் புற்றுநோயா என்பது. சொந்தக்காரர் பாதிப்பேர் அப்படித்தான் கதை பரப்பினார்கள். இல்லை. எலும்பில் குடியிருப்பது புரஸ்டேட் கலம்தான், எங்கே போனாலும் அதன் குணம் மாறாது, அதனால் புரஸ்டேட்டுக்கான மருந்தே எலும்பில் இருப்பதற்கும் வேலை செய்யும். இது விளங்கியபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டாவது, ஏன் வெட்டி எடுக்கவில்லை என்பது. சுரப்பிக்கு வெளியே இத்தனை இடத்துக்குப் போன பிறகு சுரப்பியை மட்டும் வெட்டி இதை முடிக்க முடியாது, உடம்பு முழுக்கப் போகும் மருந்து வேண்டும். முற்றாகச் சுகப்படுத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டுப்படுத்தலாம், வருசக்கணக்கில் கட்டுப்படுத்த முடிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் மகளைவிட இளையவ. ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அவ கட்டுப்படுத்துவது என்பதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னா, கம்பியூட்டரைப் பார்த்து இல்லை.

மருந்தின் அடிப்படை 1941-இல் வந்தது. சார்ள்ஸ் ஹகின்ஸ் என்பவர் சிக்காகோவில், பரவிய புரஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனைத் தின்றுதான் வளர்கிறது, அதை நிறுத்தினால் நோய் பின்வாங்கும் என்று காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அதே வழிதான், நிறுத்தும் முறைகள்தான் கூடியிருக்கின்றன. ஒன்று, விதைகளை எடுத்துவிடும் ஒப்பரேஷன். மற்றது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்குக் கீழே வைக்கும் ஊசி, அதன் தலையில் அரிசிமணி அளவில் ஒரு மருந்துத் துண்டு இருக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றா டொக்டர். யோசித்துச் சொல்லுங்கோ.

இதை நான் வீட்டில் யோசிக்கவில்லை, கிளினிக் வாங்கில் யோசித்தேன். வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடை வழியாக ஓட்டோவில் ஹைலெவல் வீதிக்குப் போய் அங்கே 138 பஸ் பிடித்தால் மஹரகம. ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர், ஆனால் நாட்டில் எல்லோருக்கும் அது இன்னும் மஹரகமதான், "மஹரகமைக்குப் போறார்" என்றால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என் வயதுதான், பார்த்தால் பத்து வயது கூட. நடுச்சாமத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர். நான் தமிழில் ஒரு ஃபோன் கோல் எடுத்ததைக் கேட்டுத் திரும்பி, "ஐயாவுக்கும் இதே வருத்தமா?" என்றார். அவருக்கும் அதே இரண்டு வழியைச் சொல்லியிருந்தார்கள்.

"ஆபரேசன்தான்னு சொல்லிட்டேங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசிக்கு வரணும்னா மவனும் கூட வரணும். வந்தா அன்னிக்கு அவனுக்குப் பேர் கெடையாது. ஊசி இல்லேன்னு திருப்பி விட்டாங்கன்னா அதுவும் போச்சு. ஒரே வெட்டு, முடிஞ்சிச்சு."

பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் கூலி. நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை, அது பெரிய விசயம், உலகத்தில் எத்தனையோ நாட்டில் இந்த வருத்தம் வந்தவன் முதலில் வீட்டைத்தான் விற்கிறான். ஆனால் கையிருப்பில் இல்லாத நாளில் வெளியே வாங்கிக்கொள்ளும்படி துண்டு எழுதித் தருவார்கள். 2022-இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அவர் இதையெல்லாம் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்திருந்தார்.

நான் ஊசி என்றேன். வெட்டுக்கு என் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு நியாயமும் இல்லை. ஊசி கிடைக்காவிட்டால் வெளியே வாங்க ரொறன்ரோவில் ஒரு மகள் இருக்கிறாள். அவரை யாராவது தைரியசாலி என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு.

ஊசியைப் பற்றி ஒரு முக்கியமான விசயம். போட்டவுடன் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, முதல் ஓரிரு கிழமை கூடும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை இந்த மருந்து விடாமல் தூண்டித் தூண்டி ஓயவைக்கிறது, ஓய்வதற்கு முன் அது ஒருமுறை எகிறும். என்னைப்போல முள்ளந்தண்டில் நோய் இருப்பவருக்கு அந்த எகிறல் ஆபத்து, கட்டி வீங்கி முண்ணாணை நெரிக்கலாம். அதனால் ஊசிக்கு முன்பே, டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைட் என்ற குளிசையைத் தொடங்கினார்கள். அதைவிட முக்கியமாக, டொக்டர் என் மனைவியைப் பக்கத்தில் இருத்தி ஒன்று சொன்னா: புதிதாகக் கடுமையான முதுகு நோ, கால் சோர்வது அல்லது விறைப்பது, சலமோ மலமோ அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, அன்றே, அந்த மணித்தியாலமே வர வேண்டும். கால் விழுந்த பிறகு வந்தால் திரும்ப நடப்பது கஷ்டம். எங்கள் ஃபிரிஜ் கதவில் இப்போது 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, சுவசெரிய அம்புலன்ஸ். பரவிய நோய் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இதை யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

ஊசியோடு அபிரடெரோனும் எடுக்கிறேன். டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பங்கு விதைகளில் சுரந்தாலும், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பி கொஞ்சம் ஊட்டிக்கொண்டே இருக்கும், இந்தக் குளிசை அதையும் அடைக்கிறது. 2017-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்த பிறகுதான் இதைத் தொடக்கத்திலேயே கொடுக்கும் வழக்கம் வந்தது. அதற்கு முன் ஊசி மட்டும் போட்டுவிட்டு, அது கைவிட்ட பிறகுதான் இந்தக் குளிசையைத் தொடுவார்கள். இந்தியாவில் செய்வது வருவதால் விலை முன்பைவிடக் குறைவு, ஆனாலும் பென்ஷன்காரனுக்குச் சின்னத் தொகை இல்லை. டோசிடாக்செல் என்ற கீமோவும் ஒரு வழிதான், கிளினிக்கில் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள், அது மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அபிரடெரோன் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் போயிருக்க வேண்டும், எடுத்த பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக் கூடாது, சாப்பாட்டோடு போனால் உடம்பு பல மடங்கு உறிஞ்சிவிடும். விடிய எழும்பியவுடன் நாலு குளிசை, நாலும் சேர்த்து 1000 மில்லிகிராம். பிறகு ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமல் பேப்பரை வெறித்துக்கொண்டிருப்பேன். இந்த வருத்தம் என்னிடமிருந்து எடுத்தவற்றில் அந்த முதல் தேத்தண்ணிக்கு நான் இன்னும் மன்னிக்கவில்லை. கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை, அது இரத்தத்தில் சீனியை ஏற்றுகிறது. தொடக்கத்தில் பிரஷர், பொட்டாசியம், ஈரல் என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்த்தார்கள்.

இனி யாரும் கதைக்காத பகுதி.

டெஸ்டோஸ்டிரோன் போனால் நோய் மட்டும் ஒடுங்குவதில்லை, ஆளும் கொஞ்சம் ஒடுங்குகிறார். திடீரென்று நெஞ்சிலிருந்து தலைக்கு ஒரு வெக்கை ஏறும், சட்டை நனையும், பிறகு குளிரும். சித்திரை மாதத்துக் கொழும்பில் இது மருந்தா வெயிலா என்று கண்டுபிடிக்க நான் மனைவியைப் பார்ப்பேன், அவவுக்கும் வேர்த்தால் வெயில். தசை இளகுகிறது, வயிறு வைக்கிறது, எலும்பு மெலிகிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது, வயசான காலத்தில் விளம்பரத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஆசை போய்விடுகிறது. முடியாமல் போவது ஒன்று, வேண்டாமலே போவது இன்னொன்று, இரண்டாவதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னாலும் விளங்கியிருக்காது.

ஊசிக்கு முதல் கிழமை மனைவி கேட்டா, "இஞ்சாருங்கோ, இந்த ஊசி போட்டா என்னென்ன நடக்கும் எண்டு முழுக்கக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான், பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.

அடுத்த கிளினிக்கில் அவவே டொக்டரிடம் கேட்டா. என் முன்னால், ஒன்றும் விடாமல், பள்ளிக்கூடத்தில் சோதனை எடுக்கும் ரீச்சர் மாதிரி வரிசையாக. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஓட்டோவில், "நாப்பது வருசமா இருக்கிறம், இதை ஒரு டொக்டரிட்டைக் கேட்டுத்தான் நான் அறியவேணுமோ" என்றா. கோபம்தான், ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கிறோம். இரவில், விளக்கை நிற்பாட்டிய பிறகு, முன்பு கதைக்காத விசயமெல்லாம். எங்கள் தலைமுறை ஆண்கள் இடுப்புக்குக் கீழே நடப்பதை ஒரு இராணுவ இரகசியம் போல வைத்துக்கொண்டு, அதே காரணத்தால் தனியாகக் கிடந்து நொந்து போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தசைக்கும் களைப்புக்கும் மருந்து உடற்பயிற்சிதான், இதில் டொக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. விடிய மரைன் டிரைவில் நடக்கிறேன். நடை மட்டும் போதாது, பாரமும் தூக்க வேண்டும், ஆனால் எலும்பில் எங்கே நோய் இருக்கிறது என்று பார்த்துத்தான் எதைத் தூக்கலாம் என்று சொல்வார்கள், நீங்களாக ஜிம்முக்குப் போய் நிற்காதீர்கள். கல்சியமும் விட்டமின் டியும் எடுக்கிறேன். எலும்புக்கு சொலெட்ரோனிக் அமில ஊசி பற்றிப் பேச்சு வந்தபோது முதலில் பல் டொக்டரிடம் அனுப்பினார்கள், அந்த ஊசிக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால். ஆட்டம் கண்டுகொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கியாயிற்று.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் மனதில் கேட்கிறீர்கள், நானும் இரவிரவாகத் தேடினேன். 2015-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, இதே நிலையில் இருந்த 790 ஆண்கள். ஊசி மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 44 மாதம், தொடக்கத்திலேயே டோசிடாக்செலும் சேர்த்தவர்களுக்கு 57.6 மாதம். முதலில் பார்த்தபோது நான் அதை எனக்கு விதித்த தவணைத் திகதியாகத்தான் வாசித்தேன். பிறகு வங்கிக்காரன் விழித்துக்கொண்டான். இடைநிலை என்றால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர். அவருக்குப் பின்னால் இன்னும் பாதிப்பேர் நிற்கிறார்கள், அந்த வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று அந்த எண் சொல்லாது. அந்த ஆய்வில் ஆட்களைச் சேர்த்தது 2006-க்கும் 2012-க்கும் இடையில், இன்று தொடக்கத்திலேயே கையில் இருக்கும் மருந்துகள் அப்போது இல்லை. இதைச் சொல்லி நான் என்னை ஏமாற்றவில்லை, வரிசையின் முன்பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், கிளீசன் 9 என்னை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் தெரியும். உயில் எழுதியாயிற்று. வங்கிக் கணக்கில் மனைவியின் பெயர் சேர்த்தாயிற்று. அதைச் செய்த நாளில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வைத்தியம் சொல்பவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, வாட்ஸ்அப் உள்ள எல்லோரும் அறிந்ததுதான். சீத்தாப்பழ இனமான அன்னமுன்னா இலைக் கசாயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை அவித்துப் போத்தலில் கொண்டுவந்தே தந்தார்கள். கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்த இனப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுங்காலம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நடுக்க வருத்தம் கூடுதலாக இருந்ததை 1999-லேயே எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு என் குளிசையே ஈரலைச் சோதிக்கிறது. போத்தலை வாங்கி நன்றி சொன்னேன், பூச்சாடிக்கு ஊற்றினேன்.

இன்னொரு சொந்தக்கார அக்கா வேறு விதம். "வெளியிலை புற்றுநோய் எண்டு சொல்லாதேங்கோ தம்பி, நாளைக்குப் பேத்திக்குக் கலியாணம் பேசேக்கை கேப்பினம்." பேத்திக்கு வயது ஒன்பது. ஆனால் குடும்பத்துக்குள் மறைப்பது உண்மையிலேயே கூடாத காரியம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இது இருந்தால் ஒரு ஆணுக்கு வரும் சாத்தியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் தம்பி வவுனியாவில் இருக்கிறான், அவனுக்கும் மகனுக்கும் முதலில் சொன்னேன், பிஎஸ்ஏ பற்றி டொக்டரிடம் கதையுங்கள் என்று. அம்மாவின் தங்கை மார்புப் புற்றுநோயில் போனவ. அதைக் கேட்டதும் டொக்டர் நிமிர்ந்தா. பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு ஒரே குடும்பத்தில் பெண்களுக்கு மார்பிலும் சூலகத்திலும் ஆண்களுக்குப் புரஸ்டேட்டிலும் புற்றுநோயைக் கொண்டுவரலாம். அப்படி இருந்தால் மகளும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கும் பின்னுக்கு ஓலாபரிப் என்று வேறொரு மருந்து திறக்கும். அந்தப் பரிசோதனைக்குக் காசு சேர்க்கிறோம். அம்மாவின் தங்கைக்கு என்ன வருத்தம் என்பதை எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் "வயிற்றுக்குள் கட்டி" என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள், உண்மையை அறிய ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் ஃபோன் எடுத்துத் திரிய வேண்டியிருந்தது.

இப்போது பிஎஸ்ஏ ஒன்றுக்குக் கீழே வந்திருக்கிறது. நாரி நோ கிட்டத்தட்ட இல்லை. கேட்டவர்கள் சுகமாகிவிட்டது என்று கோயிலில் அர்ச்சனை செய்யப் பார்க்கிறார்கள், செய்யட்டும். நோய் போகவில்லை, ஒடுங்கிக் கிடக்கிறது, ஒருநாள் இந்த மருந்துக்கும் பழகிக்கொண்டு எண் திரும்ப ஏறும், அன்றைக்கு அடுத்த மருந்தைப் பற்றிக் கதைப்போம் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறா. அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. என்னைப் பார்க்க வருபவர்கள் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், மத்தியானத்தில் படுப்பேன். கேக் வேண்டாம், சீனி ஏறுகிறது. வருத்தத்தைப் பற்றிக் கேட்க விருப்பமென்றால் நேராகக் கேளுங்கள், சொல்வேன். இல்லாவிட்டால் கிரிக்கெட் கதைப்போம், அதிலும் இப்போது நல்ல செய்தி குறைவுதான்.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி, நல்லூர்த் தேர் வரும் கிழமையிலேயே ஊசித் திகதியும் வருகிறது, அதைக் கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளலாமா என்பது. யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போவமா ரெயிலில் போவமா என்று வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ரெயிலில் கக்கூஸ் இருக்கிறது. ரெயில் என்று முடிவாகிவிட்டது.